ஒரே கிருமி மிச்சம்

இதை எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். வாயால் கேட்க அவர்களுக்குக் கூச்சம். வாயால் சொல்ல எனக்கும் கூச்சம்தான். என் எழுத்து கோணலாக இருக்கும். அவசரப்படாமல் வாசித்தால் விளங்கும்.

நான் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பரா ஆயாவாக இருந்தவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. வேலையை விட்டு எவ்வளவோ காலம் ஆகியும் எல்லோரும் என்னைக் காம்பராம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சுத்தத்துக்கு என்னைத்தான் கைகாட்டுவார்கள். தோட்டத்தை நடத்தும் துரை ஒருவர் என் தரையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றியது உண்டு.

அந்தச் சுத்தத்துக்குக் காரணம் கொண்டிஸ். கரும் ஊதாவாகக் கல் கல்லாக இருக்கும் மருந்து. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் கத்தரிப்பூ நிறமாகிவிடும். தரை, கோப்பை, தொட்டில் கட்டும் ஏணைத் துணி, பிள்ளைகளின் கை, எல்லாவற்றுக்கும் அதுதான். கிருமி செத்துவிடும் என்று தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா சொல்லித் தந்திருந்தார். கிருமி என்றால் கெட்டது, கெட்டதைக் கொல்ல வேண்டும், அதற்கு மேல் அதில் யோசிக்க எதுவும் இல்லை என்றுதான் இத்தனை வயது வரைக்கும் இருந்தேன்.

எனக்கு வந்த வியாதியை எங்கள் பக்கம் அடி இறங்குவது என்பார்கள். கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும் சதை தளர்ந்து போய், அது கீழே இறங்கி வாசலுக்கு வந்துவிடும். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிய பெண்களுக்கு வருவது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே பலருக்கு இருக்கிறது. சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி இருக்கிறோம். எனக்கு உட்கார்ந்தால் முள்ளில் உட்கார்ந்த மாதிரி. மூத்திரம் முழுதாக இறங்காது. இருமினால் சொட்டும். சுத்தக்காரி என்று பேர் எடுத்தவள் துணியை ஒளித்து வைத்துத் துவைக்க வேண்டி வந்தது. கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். கல்யாண வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார, நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு வேலை செய்கிறவள் போல நடித்தேன்.

மருமகள் புஷ்பம் கண்டுபிடித்துவிட்டாள். ஒருநாள் நான் துவைக்கும் நேரம் பார்த்து, தண்ணீர் விழும் பீலியடியில் வந்து நின்றாள்.

"அத்த, ஒளிச்சு ஒளிச்சுத் துவைக்காதீங்க. எனக்கும் கண்ணு இருக்கு."

"ஒனக்கு வேல இல்லயா?"

"இருக்கு. ஒங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுதான் நாளைக்கு வேல."

மறுநாள் மலைக்குப் போகாமல், அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். என் வீட்டுக்காரரும் வந்தார். வளைவு வருகிற இடமெல்லாம் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தார். நோயாளி யார் என்று கண்டக்டர் கேட்டார்.

டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே எனக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. வாங்குப் பலகையில் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் ஒரு இளம் டொக்டர் அம்மா என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சமாதானம், சமாதானம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஒப்பரேஷன் செய்தால் சுகமாகிவிடும் என்றார். ஆனால் அதற்கு முன்னால் மூத்திரம் சோதிக்க வேண்டும், கிருமி இருந்தால் பெரிய டொக்டர் கத்தியைத் தொடமாட்டார்.

சோதனை எப்படி என்றால், மூத்திரத்தில் ஒரு சொட்டை எடுத்து, கிருமிக்குத் தீனி பூசிய சின்னத் தட்டில் தடவி, இளஞ்சூட்டில் வைப்பார்களாம். கிருமி இருந்தால் புள்ளி புள்ளியாக முளைக்கும். என்ன ஜாதி, எவ்வளவு என்று எழுதி அனுப்புவார்கள்.

முடிவு வந்த அன்று வார்டு நர்ஸ், நாங்கள் மிஸ் என்போம், என்னைக் கூப்பிட்டார். சிங்களப் பிள்ளை. தமிழை உடைத்து உடைத்துப் பேசும், ஆனால் சத்தமாகப் பேசும்.

"அம்மே, இது சரி இல்ல. நல்லா கழுவ இல்லத்தானே? நெறைய ஜாதி கிருமி கலந்து வளந்திருக்கு. கழுவிட்டுத் திரும்ப எடுங்க."

வாங்கில் இருந்த அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.  என்னைப் பார்த்துக் கழுவவில்லை என்றா சொல்கிறாள்? துரை சப்பாத்தைக் கழற்றிய தரை என்னுடையது. அந்தப் பிள்ளை சொன்னதில் தப்பு இல்லை என்று பிறகு தெரிந்தது. தோலில் இருக்கிற கிருமி போத்தலில் விழுந்தாலும் அப்படித்தான் கலந்து முளைக்குமாம், அதனால் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்களாம். ஆனால் அன்றைக்கு எனக்கு அவமானம் தாங்கவில்லை. 

வீட்டுக்கு வந்து கொண்டிஸை எடுத்தேன். காலை, மத்தியானம், மாலை, கத்தரிப்பூத் தண்ணீரில் உட்கார்ந்தேன். கார்பாலிக் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்தேன். அது போதாதென்று, டிஸ்பென்சரியில் அவ்வப்போது தந்த கெப்சூல்கள் ஒரு தகர டப்பாவில் மிச்சம் இருந்தன. சுகமானதும் விழுங்குவதை நிறுத்திவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அடுத்த வீட்டிலும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். சிவப்பும் கறுப்பும், மஞ்சளும் சிவப்பும், எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"ஏய், துணி வெளுக்கிறதுன்னு நெனச்சியா ஒடம்ப?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க குளிச்சு எத்தன நாளாச்சுன்னு மொதல்ல சொல்லுங்க."

அவர் போய்விட்டார்.

மறுபடியும் மூத்திரம் கொடுத்தோம். முடிவு வாங்கப் போனபோது டொக்டர் அம்மா இல்லை, மிஸ்ஸும் இல்லை. காகிதத்தை நீட்டிய ஆளிடம், என்ன எழுதியிருக்கிறது என்று புஷ்பம் கெஞ்சிக் கேட்டாள்.

"முந்தி நெறைய ஜாதி. இப்ப ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு டொக்டர்ட்ட காட்டுங்க" என்றார் அவர்.

நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். "பாத்தியா?" என்றேன் புஷ்பத்திடம். "அத்தனையும் செத்துப் போச்சு. ஒண்ணுதான் மிச்சம். இன்னும் ரெண்டு நாள் குடுத்தா அதும் போயிரும்." அவளுக்கும் சந்தோஷம். பஸ் ஸ்டாண்டில் பாகு நிறைந்த தேன்குழல் வாங்கி, கூட வந்த வீட்டுக்காரரும் சேர்ந்து மூன்று பேரும் தின்றோம். என் வாழ்க்கையில் தின்ற எதுவும் இவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை. 

மறுநாள் காலையில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பு எரிகிறது, எனக்குக் குளிர்கிறது. பல் தானாக அடித்துக்கொண்டது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன், தாடை என் பேச்சைக் கேட்கவில்லை. கோப்பை கையிலிருந்து விழுந்தது. புஷ்பம் வீட்டில் இருந்த கம்பளி எல்லாவற்றையும் என் மேல் போட்டாள். என் வீட்டுக்காரர் தன்னுடைய ஒரே கோட்டைக் கழற்றிப் போட்டார். கட்டில் ஆடியது. முதுகில், இடுப்புக்கு மேலே, யாரோ உலக்கையை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. மூத்திரம் கலங்கிப் போய் நாறியது. இது நானா, இது என் உடம்பிலிருந்தா வந்தது என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொழுந்து லொறியில்தான் கொண்டு போனார்கள். கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே புஷ்பத்தின் மடியில் தலை. "அத்த, கண்ண மூடாதீங்க. அத்த, என்னயத் திட்டுங்க" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். திட்ட வார்த்தை வரவில்லை. அதைக் கண்டுதான் அவள் பயந்து அழுதாளாம்.

அந்த இரண்டு மூன்று நாள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். கையில் ஊசி, மேலே தொங்கும் சேலைன் போத்தல், நாக்கு மரக்கட்டை. ஒரு தரம் டொக்டர் அம்மா மிஸ்ஸிடம் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொன்னது கேட்டது. கிருமி மூத்திரப்பையிலிருந்து கிட்னிக்கு ஏறி, அங்கிருந்து ரத்தத்துக்குள் போயிருந்தது. அடுத்த கட்டிலில் ஒரு சிங்களக் கிழவி இருந்தார். அவருக்கும் என் வியாதிதான். நான் கண் திறந்தபோதெல்லாம் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தரம் எழுந்து வந்து என் உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தார். அவர் பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கியது, அந்தத் தண்ணீர் முழுதும் விளங்கியது.

ஆண்களைப் பார்வை நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். என் வீட்டுக்காரர் வெளியே மரத்தடியில் கிடந்தார். அடுப்புப் பக்கம் போகாத மனுசன், யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில் தானே ரொட்டி சுட்டுக் கொண்டு வந்தார். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மாவு. என்னால் தின்ன முடியாது என்று தெரிந்தும் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

காய்ச்சல் விட்ட பிறகு டொக்டர் அம்மா கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "அம்மா, ஒளிக்காமச் சொல்லுங்கோ. வீட்டை போய் என்ன செய்தனீங்கள்?"

பெருமையாகத்தான் சொன்னேன். கொண்டிஸ், சவுக்காரம், கெப்சூல், எல்லாம். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ஐயோ அம்மா! நல்ல கிருமியள் எல்லாத்தையும் சாக்காட்டிப் போட்டியளே!"

நல்ல கிருமியா? எனக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று இருந்தது. "கிருமியில என்னாங்கம்மா நல்லது?" என்றேன்.

அவர் விரலால் போர்வையில் கோடு போட்டுக் காட்டிச் சொன்னார். "மூத்திரம் வாற வழியில எந்த நாளும் கிருமியள் இருக்கும். சுகமா இருக்கிற ஆக்களுக்கும் இருக்கும். தயிரை உறைய வைக்கிற கிருமி இருக்கெல்லோ, அதின்ர சொந்தக்காரர்தான் கனபேர். அதுகள் தங்களுக்குள்ளயே சண்டை. ஒட்டுறதுக்கு இடம் வேணும், தின்னச் சாப்பாடு வேணும். ஒண்டு புளிப்பை விட்டு மற்றதைத் துரத்தும். மற்றது முந்திப் போய் இடத்தைப் பிடிக்கும். ஒண்டை ஒண்டு ஓங்க விடாது. அந்த இழுபறிக்குள்ள வெளியில இருந்து வாற கூடாத கிருமிக்கு ஒட்ட இடம் கிடையாது. நீங்கள் எல்லாத்தையும் வெளியில துரத்திப் போட்டியள். குடல்ல இருந்து ஒண்டு வந்து வெறும் வீட்டைப் பிடிச்சிட்டுது. அந்த ஒண்டுதான் ரிப்போட்டில இருந்தது."

"அப்ப மொத ரிப்போட்டு?"

"கலந்து இருந்தது. உங்களுக்கு எரிவு இல்லை, காய்ச்சல் இல்லை. அதை அப்பிடியே விட்டிருக்கலாம்." பிறகு இதையும் சொன்னார். "மூத்திரப்பைக்குள்ள கிருமியே இருக்காது எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை. வாசல்ல இருக்கிறது தெரியும். உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு எனக்கும் முழுக்கத் தெரியாதம்மா."

 பிள்ளைக் காம்பரா எனக்கு ஞாபகம் வந்தது. பிள்ளைகள் நிறைந்திருக்கும் நாளில் ஒரே கூச்சல். பொம்மைக்கு அடிதடி, ஜன்னலோர இடத்துக்கு அடிதடி. எவனும் எவனையும் ஆள முடியாது. அம்மை போட்டுப் பாதிப் பேர் வராத நாளில்தான் ஒரு முரடன் எல்லாப் பொம்மையையும் மடியில் போட்டுக்கொண்டு மற்றப் பிள்ளையைக் கடித்து வைப்பான். இது எனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் இது என் உடம்புக்குள் நடக்கும் என்று யார் நினைத்தது? அதுகளில் எனக்கு யாரையும் தெரியாது, என்னைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை, உள்ளே அத்தனை உயிர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதில்தான் நான் சுகமாக இருந்திருக்கிறேன். அன்று முழுவதும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

மாலையில் ஒன்று கேட்டேன். "அப்ப தயிர ஊத்தட்டுங்களா?"

டொக்டர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வேண்டாம் தாயே! வாயால சாப்பிடுங்கோ. அங்க ஒண்டும் ஊத்தவேண்டாம், பச்சைத் தண்ணி மட்டும்."

ஒரு கிரீமும் தந்தார். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அந்த இடத்துத் தோல் மெலிந்து உலர்ந்து போகுமாம். அப்போது நல்ல கிருமிக்குத் தீனி இல்லாமல் போய்விடும். இந்தக் கிரீம் தோலைத் திரும்பத் தேற்றும், தீனி கிடைத்தால் அதுகள் தாமாகக் குடியேறும் என்றார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மூத்திரத்தை அடக்கக் கூடாது, கெப்சூல் கொடுத்தால் கொடுத்த அளவை முழுதாக விழுங்க வேண்டும், மிச்சம் வைத்து இன்னொரு நாளைக்கு விழுங்கக் கூடாது. பிள்ளைகளே, மலையில் நிற்கும்போது ஒதுங்க இடம் இல்லை என்று நீங்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எனக்குத் தெரியும். குடியுங்கள். ஒருத்தி காவல் நில்லுங்கள், மற்றவள் ஒதுங்குங்கள்.

எனக்குக் கிடைக்க இருந்த ஒப்பரேஷன் தேதி போய்விட்டது. அதுதான் பெரிய இடி. பெரிய டொக்டர், மூத்திரம் சரியானால்தான் மறுபடியும் பெயர் எழுதலாம் என்று சொல்லிவிட்டார். மறுபடியும் கெட்டால் இந்த வயதில் அதைத் தாங்கமாட்டேன், இப்படியே தொங்கிக்கொண்டு சாக வேண்டியதுதான் என்று எனக்குள் ஓடியது.

வீட்டில் கொண்டிஸ் போத்தலைப் புஷ்பம் எடுத்து ஒளித்துவிட்டாள். எங்கே என்று இரண்டு தரம் கேட்டேன். "சாமி படத்துக்குப் பின்னால இல்ல, தேடாதீங்க" என்றாள். சும்மா தண்ணீரில் கழுவிவிட்டு எழுந்திருக்கும் ஒவ்வொரு தரமும் கழுவாமல் வந்த மாதிரியே இருக்கும். என் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம்.

"ஊரையே சுத்தம் பண்ணுனவளுக்கு உள்ளுக்குள்ள ஒரு லயமே குடியிருக்காம்ல! வாடக வாங்குறியா?"

"வாங்குறேன். ஒங்களயும் சேத்துத்தான் இத்தன வருசமா சும்மா வச்சிருக்கேன்."

"நல்லாச் சண்ட போடச் சொல்லு அதுகள. சண்ட நின்னாத்தான் ஆபத்தாம்." சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் அவர்தான் மணிக்கொரு தரம் செம்பில் தண்ணீரோடு வந்து நின்றார். குடித்து முடிக்கும் வரை நகரமாட்டார்.

மூன்றாவது சோதனை முடிவு வாங்கப் போனோம். மிஸ் காகிதத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். "அம்மே, திரும்பக் கலந்துதானே இருக்கு."

டொக்டர் அம்மா அதை வாங்கிப் பெரிய டொக்டரின் மேசைக்குக் கொண்டு போனார். கதவு திறந்திருந்தது. இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். பெரிய டொக்டர் தலையை ஆட்டுவது தெரிந்தது, இல்லை என்கிற ஆட்டல். டொக்டர் அம்மாவும் விடவில்லை. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை என்று விரல் விட்டுக் காட்டிப் பேசினார் என்று பிறகு தெரிந்தது. கடைசியில் பெரிய டொக்டர் எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

"ஆச்சி, தெவில்லக் தியெனவத?" எரிவு இருக்கிறதா என்று கேட்டார்.

"நே மாத்தயா." இல்லை ஐயா.

 பிறகு திரும்பிப் போய் என் பெயரை எழுதினார். கழுவாதவள் என்று என்னைத் தலை குனிய வைத்த அதே கலந்த ரிப்போட்டை வைத்துக்கொண்டுதான் எனக்கு ஒப்பரேஷன் கொடுத்தார்கள். புஷ்பம் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். 

ஒப்பரேஷன் பற்றி எழுத ஒன்றும் இல்லை. முதுகில் ஒரு ஊசி, பிறகு இடுப்புக்குக் கீழே நான் இல்லை. முடிந்ததும் மூத்திரத்துக்குக் குழாய் போட்டிருந்தார்கள். அது எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கூடாத கிருமி ஏறி வர வழி என்று, ஆன சீக்கிரத்தில் டொக்டர் அம்மா அதை எடுக்கச் செய்தார். "இனி நீங்களாப் போகவேணும் அம்மா. போகாட்டில் திரும்பக் குழாய்தான்."

புஷ்பம் என்னைத் தாங்கிப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போய்க் கொமட்டில் உட்கார வைத்தாள். வரவில்லை. மறுபடியும் குழாய், மறுபடியும் அந்தக் காய்ச்சல், மறுபடியும் லொறி என்று மனம் ஓடியது.  புஷ்பம் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டாள், அந்தச் சத்தத்துக்கு வரும் என்று, தானும் ஒப்பரேஷனுக்கு வந்து மறுபடியும் அடுத்த கட்டிலில் இருந்த அந்தச் சிங்களக் கிழவி சொல்லியிருந்தாராம். பார்வை நேரம். வெளியே என் வீட்டுக்காரரின் குரல்.

"என்னாச்சாம்?"

"மாமா கேக்குறாரு, அத்த."

"அந்த மனுசன வாய மூடிக்கிட்டு நிக்கச் சொல்லு! இது என்ன, தேர் வருதான்னு பாக்குறதா?"

திட்டி முடிப்பதற்குள் வந்தது. எரிவு இல்லை. நின்று நின்று வரவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கியது. பை காலியாவது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

"வந்துருச்சு!" என்று புஷ்பம் கத்தினாள். வார்டு முழுவதும் கேட்டிருக்கும். யாரோ கை தட்டினார்கள், அந்தக் கிழவியாகத்தான் இருக்கும். புஷ்பம் என்னைத் தூக்கக் கையை நீட்டினாள்.

"இரு" என்றேன்.

"ஏன் அத்த, வலிக்குதா?"

"இல்ல. முள்ளு குத்தல. கொஞ்சம் ஒக்காந்துக்கிறேன்."